ஏழு முறை விரட்டப்பட்ட மாத்யூ

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். சொல்வது புரியாவிட்டால்தான் இன்னும் வேகமாகத் தலையாட்டுவேன். திரும்பக் கேட்கக் கூச்சம். (ஐந்தாம் வகுப்பு வரை அப்படி ஆட்டியே வந்தேன். அதற்கு மேல் வாத்தியார் நம்பவில்லை.)

சின்னக்கானலில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வெப்சைட் செய்கிறவள் என் மருமகள் சுகந்தி. பக்கத்து ரிசார்ட்டுக்கு ஒன்று செய்திருந்தாள். விருந்தாளி போனில் பேரை அடித்தால், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அவர் பேரில் அழகாக ஒரு வரவேற்புக் கடிதம் தயாரித்து அனுப்பும். மேனேஜருக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் அவள் கொச்சியில் ஹாஸ்டலில் தங்கி வேறு வேலை பார்க்க வேண்டும். நானும் மகனும் இங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

மேனேஜரிடம் செய்துகாட்ட ரிசார்ட்டுக்குப் புறப்படும்போது எனக்கு விளக்கினாள். "நான் எழுதுறது பி.எச்.பி.ங்கிற கம்ப்யூட்டர் பாஷை, அத்தே. அதுக்குக் கடிதம் போட வராது. வேர்டுக்கு வரும். தேயிலை எஸ்டேட்ல நம்ம டிவிஷன்ல ஆள் பத்தலைன்னா பக்கத்து டிவிஷன்ல கூப்பிடுவோம்ல, அப்படி வேர்டைக் கூப்பிட்டு வேலை வாங்குறேன். புரியுதா?"

வேகமாகத் தலையாட்டினேன்.

"கரண்டு போனா மட்டும் போன் பண்ணுங்க."

அவள் போய் அரை மணி நேரம் இருக்கும். நான் முன்னறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு வெள்ளைத் தாள் தானாகத் திறந்தது. எழுத்துகள் தாமாக ஓடி வந்தன. 'அன்புள்ள மாத்யூ.' நாற்காலியில் ஆளே இல்லை!

முப்பது வருஷம் தேயிலை ஃபாக்டரியில் இலை உருட்டும் மிஷினில் நின்றவள் நான். அங்கே முதல் பாடமே, ஆளில்லாமல் ஓடுகிற மிஷினை முதலில் நிறுத்து, அப்புறம் விசாரி. மேல் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கினேன். (சமையல் வீடியோவை மூட சுகந்தி சொல்லிக்கொடுத்தது.) இங்கிலீஷில் ஏதோ கேட்டது. மூன்று பித்தானில் நடுவில் இருந்ததை அமுக்கினேன். கூச்சப்படுகிறவர்களுக்கு நடுதான் வசதி.

போய்விட்டது. ஒரு நிமிஷத்தில் மறுபடியும் 'அன்புள்ள மாத்யூ'. மறுபடியும் அமுக்கினேன். இப்படி ஏழு தடவை. கடைசியில் பொறுமை போய், பிளக்கையே பிடுங்கிவிட்டேன்.

போன் அடித்தது. சுகந்திதான். "அத்தே, கரண்டு போயிருச்சா?"

"கரண்டெல்லாம் இருக்கு, தாயி. கம்ப்யூட்டரைத்தான் நிறுத்திட்டேன். மாத்யூன்னு ஒரு களவாணிப் பய உள்ள பூந்துட்டான். ஏழு தடவை விரட்டியும் வாரான். வெக்கங்கெட்டவன்!"

பிறகு ஓர் ஆண் குரல்.

"அம்மே, ஆ களவாணி ஞானாணு. இவிட மேனேஜர்."

அந்தக் களவாணி அவரேதானாம், ரிசார்ட் மேனேஜர். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. சுகந்தி கொச்சிக்குப் பெட்டி கட்டுவது கண் முன்னால் தெரிந்தது.

"ஏழு தடவையும் என்டெ பேருதான் அடிச்சேன்," என்றவருக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. "எங்க கேட்ல நிக்கற செக்யூரிட்டி ஒருத்தனைக்கூட தடுத்ததில்ல, அம்மே. பிளக்கை மாட்டுங்க. எட்டாவது தடவை பாக்கலாம்."

மாட்டினேன். சுகந்தி சொல்லச் சொல்லப் பித்தானை அமுக்கினேன். பிறகு கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தாள் திறந்தது, மாத்யூ வந்தார், மூச்சுவிடாமல் நின்றேன். கடிதம் போய்ச் சேர்ந்தது. வேலையும் கிடைத்தது.

சரியாக எழுதுகிறதா என்று பார்க்க, வேர்டு திரையில் தெரியும்படி சுகந்திதான் வைத்திருந்தாளாம். மறைத்துவிடலாமாம். அவள் மறைக்கவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் திரையில் பெரிய எழுத்தில் ஒரு வரி வரும்படி செய்துவிட்டாள்: 'அத்தே, பக்கத்து டிவிஷன் ஆள்தான். விட்டுருங்க.'

இன்றும் மாத்யூ சார் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும்படி அதைத்தான் கத்துவார். மகனும் மருமகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டுவேன்.

இது புரிந்து ஆட்டுவது.