கலங்கல்மேட்டுப் பாலத்தின் பராமரிப்பு

மலர்க்கொடி கெண்டை மீனைச் சட்டியில் போட்டு, கல்லுப்பு வைத்து உரசிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் செதில். பக்கத்தில் அவள் மகள் சுகிர்தா, பால்வாடிக்குப் போகிற வயசு, ஒவ்வொரு மீனுக்கும் பேர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் கலங்கல்மேட்டுக்கு வளர்ச்சி வந்தது.

வளர்ச்சி வெள்ளைக் காரில் வந்தது. நெடுஞ்சாலை ஓரம் காருக்கு வைப்பர் செய்கிற கம்பெனி ஒன்று, துளிர்க்கரம் அறக்கட்டளை என்று ஒன்றை நடத்திவந்தது. லாபத்தில் ஒரு பங்கை அக்கம்பக்கத்து ஜனங்களுக்குச் செலவழித்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறபடியால், அந்தச் செலவை அவர்கள் முழுமனதோடு செய்துவந்தார்கள். காரிலிருந்து இறங்கியவர் திவ்யா மேடம். சென்னைப் பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் கலர்க் கோலப்பொடி டப்பாக்கள்.

"எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்று மேடம் வேப்பமரத்தடியில் கூடிய ஜனங்களைப் பார்த்து அடக்கமாகச் சொன்னார். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். உங்க ஊரை நீங்களே தரையில கோலப்பொடியில வரைஞ்சி காட்டுங்க. அதுல என்ன இல்லையோ, அதை நாங்க செஞ்சி தர்றோம்."

கலங்கல்மேட்டில் என்ன இல்லை என்று கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஏரி நிரம்பினால் கலங்கல் வழிந்து ஓடையில் தண்ணீர் போகும். பால்வாடி, ரேஷன் கடை, சாலவாக்கம் பஸ் நிற்கிற இடம் எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம். ஜனங்கள் இந்தப் பக்கம். ஏரிக்கரை மேலேறிச் சுற்றிக்கொண்டு போனால், பால்வாடி சாத்துகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். ஆகவே ஒரு பாலம் வேண்டும். மலர்க்கொடிக்கு அதைத் தவிர வேறு வேண்டுதலே கிடையாது. போன மழையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடையில் இறங்கி, தாயும் மகளுமாக ஒரு முழுக்குப் போட்டு எழுந்தவள் அவள். அன்றிலிருந்து சுகிர்தா தண்ணீரைக் கண்டாலே அலறுகிறாள்.

ஆனால் அது சித்திரை மாசம். ஓடை காய்ந்து கிடந்தது. கார் அதில் இறங்கி ஏறி வந்தபோது மேடம் போனில் மீட்டிங்கில் இருந்தார்.

"ஏ மலரு, வாடி இங்க" என்று பக்கத்து வூட்டு செங்கேணி கூப்பிட்டாள். "உன் கோலந்தான் நல்லா கீது. மீனு எங்கியும் ஓடிப்பூடாது, வா."

நாலு பேர் பார்த்தால் குரலே வராத பிறவி மலர்க்கொடி. கையை மூன்று தடவை கழுவி, அப்படியும் கவிச்சி போகாமல், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். வீடுகளைப் போட்டாள், சர்ச்சைப் போட்டாள், அம்மன் கோயிலைப் போட்டாள். ஓடைக்கு நீலப்பொடி தூவினாள். வீட்டு வாசலிலிருந்து பால்வாடிக்குப் போகிற பாதையை வெள்ளைக் கோடாக இழுத்தாள். கோடு நீலத்தண்டை வந்தது. அங்கே நின்றிருக்க வேண்டும். ஆனால் கோலம் போடுகிற கை. கோட்டைப் பாதியில் அறுத்து விடுவது அந்தக் கைக்கு ஆகாது. வாசலில் அப்படி விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று சின்ன வயசிலிருந்தே திட்டு வாங்கி வளர்ந்த கை. அது தன் பாட்டுக்கு நீலத்தைத் தாண்டிப் போய்ப் பால்வாடியைத் தொட்டது. போதாக்குறைக்கு, அழகுக்கு இரண்டு பக்கமும் புள்ளி வைத்தது.

மேடம் நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுத்தார். பிறகு, "சொல்லுங்க, என்ன வேணும்?" என்றார்.

"பாலம்!" என்றது ஊர் ஒரே குரலில்.

மேடம் குனிந்து பார்த்தார். "பாலம்தான் இருக்கே. கைப்பிடியோட."

மலர்க்கொடி தலையை இன்னும் குனிந்துகொண்டாள். கொத்தனார் பெஞ்சமின்தான் முன்னால் வந்தார். "மேடம், அத்து கோலம். அங்க பாலம் இல்லீங்க. போய்ப் பாக்கலாம் வாங்க."

"நான் பாத்து என்ன சார் ஆகப்போகுது? இது நாங்க வரைஞ்சது இல்ல. சமூகமே தன் கையால வரைஞ்சது. சமூகத்தோட குரலை நாங்க எப்படி மறுக்கிறது?"

"சமூகந்தான் மேடம் வாயாலயும் சொல்லிக்கினு கீது!"

"வாயால சொல்றதுக்கு போட்டோ கிடையாதே சார்."

பெஞ்சமின் தலையைச் சொறிந்தார். மேடம் அவருக்காக இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். இருக்கிற பாலத்தைக் கட்ட முடியாது, ஆனால் பராமரிக்கலாம். பராமரிப்புக்குத் தனித் திட்டமே உண்டு.

திட்டம் வந்தது. மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட் வந்தது. எதன் மேல் அடிப்பது என்ற கேள்வி எழுந்தபோது, ஓடையின் இரு கரையிலும் இருந்த பனைமரங்கள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டன. 'இப்பாலம் துளிர்க்கரத்தால் தத்தெடுக்கப்பட்டுப் பேணப்பட்டு வருகிறது' என்று பலகை நட்டார்கள். பாலப் பராமரிப்புக் குழு அமைந்தது. பெஞ்சமின் கடைசி வரை எதிர்த்தார். அதாவது, தலைவர் என்று எழுதிய தொப்பியை அவர் தலையில் வைக்கிற வரை. செங்கேணி பொருளாளர். மலர்க்கொடிக்குச் சேலைக்கு மேலே மாட்டிக்கொள்ள ஆரஞ்சுக் கலரில் ஒரு ஜாக்கெட்டு கொடுத்து 'பாலத் தோழி' என்று பதவி கொடுத்தார்கள். பாலத்தைத் தாண்டுகிறவர்களுக்குக் கை கொடுத்து உதவுவது அவள் வேலை. மாசம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு நாஷ்டா.

ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் அறிக்கை வாசிப்பார். "பாலத்தில் விரிசல் இல்லை. பள்ளம் இல்லை. பாலத்தின் மேல் விபத்து எதுவும் நடக்கவில்லை."

"அண்ணா, இத்து பொய்யி இல்லியா?" என்று மலர்க்கொடி ஒருமுறை மெதுவாகக் கேட்டாள்.

"எதும்மா பொய்யி? விரிசல் கீதா? காட்டு. வடையத் துன்னு, ஆறிடப்போவுது."

ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. ஓடையில் இடுப்பளவுக்குத் தண்ணீர். சர்ச்சுத் திருவிழாவுக்குச் சோறு ஆக்குகிற பெரிய அண்டாவில் பிள்ளைகளை உட்காரவைத்து, விளிம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் அக்கரை சேர்த்தாள் பாலத் தோழி. சுகிர்தா மட்டும் அண்டாவில் ஏறமாட்டேன் என்று பனைமரத்தைக் கட்டிக்கொண்டு அழும். ஊர்ப் பிள்ளையெல்லாம் பால்வாடியில் முட்டை தின்ன, தோழியின் பிள்ளை வீட்டில் கிடந்தது. இந்தத் தடவை மேடம் வந்தால் சொல்லிவிடுவது என்று மலர்க்கொடி முடிவு கட்டினாள்.

மேடம் நல்ல செய்தியோடு வந்தார். மாவட்டத்திலேயே ஒரு புகார்கூட வராத பாலம் இதுதானாம். ஆகவே கலங்கல்மேட்டுக்கு விருது. கம்பெனியின் பெரிய சாரே நேரில் வருகிறார். மேடம் யாரோ ஒருவருடைய வண்டியில் ஏரிக்கரைச் சேற்றில் சறுக்கிச் சறுக்கி வந்திருந்தார்.

"ஏன் மேடம், பாலத்து மேலயே வந்திருக்கலாமே?" என்றாள் செங்கேணி வாயைப் பொத்திக்கொண்டு.

மேடம் செருப்பில் ஒட்டிய சேற்றைத் தரையில் தேய்த்தார். "விருது கொடுக்கிற வரைக்கும் அதை யாரும் உபயோகிக்க வேணாம்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றார். "சீக்கிரம் இன்னொரு மேப் போட்டுடுங்க. போன தடவைக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் காட்டணும்."

மலர்க்கொடி சர்ச்சுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். வெள்ளைக் கோட்டை இழுத்து நீலத்தண்டை கொண்டுவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கையை எடுத்துவிட்டாள்.

"இன்னாடி கோடு அறுந்து கெடக்குது?" என்று செங்கேணி பதறினாள்.

"அங்க பாலம் இல்லியே அக்கா."

"இவ ஒருத்தி பேஜாரு! வெறுங்கோடுடி. சேத்து வுட்டா உன் கையி இன்னா தேஞ்சா பூடும்?"

"இப்பப் போயி பாலம் இல்லன்னா, குழு இன்னாத்துக்குன்னு கேக்க மாட்டாங்க?" என்று பெஞ்சமின் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

செங்கேணியே ஒரு பிடி பொடி எடுத்துக் கோட்டைச் சேர்த்துவிட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. "எங்க தெருவுல ஒரு பூங்கா போடு, நான் தலைவரா இருந்துக்கறேன்" என்றார் ஒருவர். "ஆஸ்பத்திரி போடு, அதுக்கு டாக்டர் போடுற வெள்ளைக் கோட்டு குடுப்பாங்க" என்றாள் ஒருத்தி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கல்மேட்டில் நீச்சல்குளம் உண்டானது. மேடம் போட்டோ எடுத்தார்.

அப்போது அக்கரையில் ஹார்ன் சத்தம் கேட்டது. பெரிய சார் வந்துவிட்டார். அவர் கார் ஏரிக்கரையில் ஏறாது. வேட்டி சட்டையில், கிராமத்துக்கு வந்திருக்கிற களையோடு, மஞ்சள் கறுப்புப் பனைமரத்தண்டை நின்றார். தோழி ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அண்டாவோடு போனாள். மறுபக்கம் பிடிக்கவேண்டிய பெஞ்சமின், தலைவர் நனையக்கூடாது என்று மாலையோடு கரையிலேயே நின்றார்.

பெரிய சார் அண்டாவில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நடு ஓடையில் இரண்டு பக்கமும் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார்.

"பாலம் கொஞ்சம் ஆடுதே" என்றார் கரையைப் பார்த்து. "அடுத்த வருஷமும் பராமரிப்பு போட்டுடலாம்."

கரையில் கைதட்டல் காதைப் பிளந்தது. கூட்டத்துக்குள்ளே சுகிர்தா, தண்ணீரில் நிற்கிற அம்மாவைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மலர்க்கொடிக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது.

"சார், நீங்க குந்திக்கினு கீறது அண்டா. பாலம் இல்ல. பாலம்னு ஒண்ணு இருந்தாக்கா எங்க புள்ளைங்கோ..."

"மலரூ! அங்க நின்னுக்கினு இன்னாடி பேச்சு?" கரையிலிருந்து செங்கேணி கத்தினாள். "சட்டுனு வா! அந்தாண்ட இன்னும் ரெண்டு சாருங்க காத்துக்கினு கீறாங்க!"

"வந்துட்டேன்க்கா!" என்று, யார் கூப்பிட்டாலும் உடனே திரும்புகிற பழக்கத்தில், மலர்க்கொடி இரண்டு கையையும் விளிம்பிலிருந்து எடுத்துச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்ப, பாலம் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, பெரிய சாரோடு, தண்ணீர் போகிற பக்கமாக மிதந்து போனது.