வேலியடியில் ஒடிந்த வாய்க்கால்

நெய்வேலியில் எந்தப் பிளாக்கில் தேடினாலும் பிளவு சார் மாதிரி ஒரு கிறுக்கர் கிடைக்க மாட்டார். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. என் கொல்லையில் இடுப்பளவு குழி வெட்டிய மனுஷர் அவர்.

ரிடையராகி மகளின் குவார்ட்டர்ஸில் இருந்தார். வேலை பார்த்த காலமெல்லாம் இமயமலைப் பக்கம். பூமி பிளந்து, ஒரு பக்கம் இன்னொன்றை உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகரும் இடங்களை அளப்பது அவர் வேலை. நேராக ஓடிய ஓடை பிளவைத் தாண்டும் இடத்தில் எவ்வளவு ஒடிந்து விலகியிருக்கிறது, அந்த ஓடைக்கு என்ன வயது, வகுத்தால் வேகம். இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது; 'பிளவு சார்' என்று நாங்கள் பெயர் வைத்ததும் அதனால்தான். வீட்டுச் சுவர் விரிசலில்கூடப் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தார்.

எங்கள் டீக்கடை மாஸ்டர் ஒருநாள் வாயைக் கொடுத்தார். "பூமி எவ்ளோ வேகமா சார் போவுது?"

"உங்க நகம் வளர்ற வேகம்."

"இதுக்கா சார் மலையேறுனீங்க?"

"நகத்தை நீங்க வெட்டிடறீங்க. பூமி சிக்கிக்கிட்டு நிக்கும். நூறு நூறு வருஷமா சேர்த்து வச்சு ஒரே நாள்ல எகிறும். நேத்து நடந்ததைப் பார்த்தா வேகம் தெரியாது. பழசைத் தோண்டணும்."

அதற்குப் பிறகு மாஸ்டர் அவரிடம் டீயை மட்டும் நீட்டினார்.

பக்கத்து ஊரான வடக்குத்தில் எனக்கும் அண்ணனுக்கும் பாகம் பிரித்த பலாக் கொல்லை இருக்கிறது. போர்வெல் அவன் பக்கம். வாய்க்கால் வேலியைத் தாண்டி என் பக்கம் வரவேண்டும். ஆனால் வேலியடியில் அது கிழக்கே ஒடிந்து, கரையை உடைத்துக்கொண்டு அங்கேயே தேங்கியது. என் பலாக்கன்றுகள் காய்ந்தன. அண்ணன்தான் திருப்பிவிட்டான் என்றேன் நான். நீதான் என்றான் அவன். பேச்சு நின்று வருஷங்கள் ஆயிற்று. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் நடைபோக வந்த பிளவு சார், அந்த ஒடிவைப் பார்த்து மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, இங்க பிளவு இருக்கு! உயிரோட இருக்கு! தோண்டலாமா?"

"தோண்டுங்க சார்! அந்தாளு பண்ண அக்கிரமம் வெளிய வரட்டும்," என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் கத்தினான். "நல்லா தோண்டுங்க சார்! அவனே திருப்பிகினு என் மேல பழி போடறான்!"

மண்வெட்டியை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு இருவருமே வெட்டினோம். வேலிக்கு இரண்டு பக்கமும் குழி. அவர் உள்ளே இறங்கி, குழந்தைக்குப் பல் தேய்ப்பதுபோல பிரஷ்ஷால் மண்சுவரைத் தேய்த்தார். பழைய வண்டல் வரிவரியாகத் தெரிந்தது. அடிவரி இரண்டு குழியிலும் ஒரே நேர்கோட்டில் இருந்தது. மேலே வரவர, அண்ணன் பக்கம் மேற்கே நகர்ந்திருந்தது, என் பக்கம் கிழக்கே.

சாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "பிளவு இல்லை," என்றார். "தூர் வாரினா மண்ணை எங்க போடுவீங்க?"

"கெழக்கால," என்றான் அண்ணன். "அங்கதான் என் நடைபாதை. அது ஒசரமாவணும்ல?"

"நீங்க?"

"எனக்குப் பாதை மேற்கால. அங்க போடுவேன்."

"அவ்வளவுதான். மண்ணு போட்ட கரை உள்ள வந்துச்சு, எதிர்க்கரையை வெட்டினீங்க. அவர் வாய்க்கால் மேற்கே போச்சு, உங்களுது கிழக்கே. வருஷத்துக்கு ஒரு விரல்கடை. ஒரே நாள்ல யாரும் திருப்பலை."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எத்தனை வருஷக் கோபம்! "அப்ப நான் யார் மேலதான் கேசு போடறது?"

"நகத்து மேல போடுங்க," என்றார்.

அண்ணன்தான் முதலில் சிரித்தான். "எத்தினி கன்னுடா மிச்சம் இருக்குது?" என்று என்னைக் கேட்டான். சாயங்காலத்துக்குள் அடிவரி போன வழியிலேயே வெட்டினோம். கன்றுகளுக்குத் தண்ணீர் போயிற்று. சார் மட்டும் வரப்பில், சொத்தைப் பறிகொடுத்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

மகளுக்கு மாற்றல் வந்து அவர் போய்விட்டார். வாய்க்கால் இன்று நேராக ஓடுகிறது, வேலியடியில் ஒரு சாண் தவிர. அங்கே நான் வேண்டுமென்றே வளைத்து விட்டிருக்கிறேன். "அதையும் நேராக்குடா, சனியன்," என்று அண்ணன் திட்டுகிறான்.

நேரான வாய்க்காலைப் பார்க்க அந்த மனுஷர் எதற்கு இந்தப் பக்கம் வருவார்?