மொக்கராசு சாப்பாடு விசாரித்த கதை

ஒரு காட்டில் சூதாட்டத்துக்குத் தடை இருந்தது. அதனால் அங்கே சீட்டாட்டத்துக்கு ‘திறன் வளர்ப்புப் போட்டி’ என்று பெயர். என்னை ஏன் முறைக்கிறீர்கள்? பெயர் வைத்தது குரங்கு. போட்டியை நடத்துவதும் அதுதான்.

அந்த வருஷம் கோடை மண்டையைப் பிளந்தது. குளம் வற்றி, ஓரத்தில் ஒரே ஒரு சேற்றுக்குழி மிச்சம். போன வருஷம் குழிக்கு வரிசையில் நிற்கவைத்து டோக்கன் கொடுத்தார்கள். வரிசையை யானை மிதித்துவிட்டது. ஆகவே இந்த வருஷம் மூணு சீட்டு. ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை. அது தீர்ந்தால் நடையைக் கட்டவேண்டியதுதான். கடைசிவரை நிற்பவருக்குக் கோடை முழுக்கக் குழி சொந்தம்.

செல்லாயி என்கிற தவளைக்கு அந்தக் குழி கிடைத்தே ஆகவேண்டும். மானுக்கு நிழல் போதும். முயலுக்குப் பொந்து இருக்கிறது. தவளைக்குத் தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். பயத்தில் அவள் தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டது. நல்லவேளை, தவளைக்கு அது எப்போதுமே அடித்துக்கொள்ளும் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

எதிரே மொக்கராசு என்கிற காட்டுப்பன்றி. தன் சீட்டைப் பார்க்கிறானோ இல்லையோ, கொட்டையை அள்ளி நடுவில் கொட்டுவான். “தில்லு இருந்தா வைங்கடா!” என்று உறுமுவான். மான் நல்ல சீட்டை வைத்துக்கொண்டே, ஆட்டம் வேண்டாமென்று கவிழ்த்துவிடும். முயல் சீட்டையே பார்க்காது, அவன் மூஞ்சியைப் பார்த்துக் கவிழ்த்துவிடும்.

செல்லாயியும் கவிழ்த்தாள். திரும்பத் திரும்பக் கவிழ்த்தாள்.

“என்னக்கா, வேடிக்கை பார்க்க வந்தீங்களா?” என்று குரங்கு நக்கலடித்தது.

அவள் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காத தவளையை அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது.

ஒரு கட்டத்தில் மொக்கராசு உறுமவில்லை. முயலைப் பார்த்து, “சாப்டியா தம்பி?” என்று அன்பாகக் கேட்டான். முயல் உருகிப்போய், இருந்த கொட்டையையெல்லாம் வைத்தது. சீட்டைத் திருப்பினால், அவனிடம் மூணு ராஜா! அடுத்து மானிடமும் அதே விசாரிப்பு, மானும் காலி.

அடப்பாவி என்று செல்லாயிக்குப் பிடிபட்டது. உறுமி ஆளை விரட்டினால் கையில் ஒன்றுமில்லை. சாப்பாடு விசாரித்தால் சரக்கு இருக்கிறது.

அதற்குப்பின் அவன் உறுமும்போதெல்லாம் வைத்தாள், விசாரிக்கும்போதெல்லாம் கவிழ்த்தாள். அவள் பக்கம் கொட்டை குவியக் குவிய அவனுக்கு ரோஷம் ஏறியது. கடைசி ஆட்டத்தில் மண் பறக்க உறுமி, மிச்சத்தையெல்லாம் நடுவில் தள்ளினான். அவள் கையில் வெறும் ஒரு ஜோடி ஏழு. வைத்தாள். அவனிடம் ஜோடிகூட இல்லை, உதிரிச் சீட்டு.

முயல் கைதட்டியது. பொறுத்தவள் ஜெயித்தாள் என்று இந்த இடத்தில் கதையை முடித்துப் பாடப்புத்தகத்தில் போடலாம். போட்டுத் தொலைக்கட்டும். நடந்ததை நான் சொல்கிறேன்.

செல்லாயி குதித்துக் குதித்துக் குழிக்குப் போனாள். உள்ளே கழுத்துவரை சேற்றில் மொக்கராசு படுத்திருந்தான். உறுமவில்லை. முறைக்கவும் இல்லை.

“வாங்கக்கா,” என்றான். “சாப்பிட்டீங்களா?”

அவள் ஒரு குதி பின்வாங்கினாள். இந்தத் தடவை அவன் கையில் நிஜமாகவே சரக்கு இருக்கிறது: ரெண்டு கோரைப்பல்.

குரங்கிடம் ஓடினாள். “போட்டி நடத்துறதுதான்க்கா என் வேலை,” என்றது அது. “பரிசை வாங்கிக் குடுக்கிறது வேற துறை. ஒரு மனு எழுதிக் குடுங்க, மழைக்காலத்துல பார்க்கலாம்.”

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். முதுகுத் தோல் இழுத்துப் பிடித்தது. குழிக்கரைக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னாள்.

“நீயே இருந்துக்க மொக்கராசு. இது கொட்டை வெச்சு ஆடுற சில்லறை ஆட்டம், இதுக்கு நீ லாயக்கில்ல. பெரிய ஆட்டமெல்லாம் மேட்டுப்பாறையில நடக்குது, புலிதான் சீட்டுப் போடுது. உன் பேரைச் சொன்னேன். ‘அவனா? வரமாட்டான், பயந்தாங்கொள்ளி’ன்னு சிரிச்சுது.”

“யாரைப் பார்த்து?” சேறு தெறிக்க எழுந்தான் மொக்கராசு. உறுமிக்கொண்டே மேட்டைப் பார்த்து ஓடினான்.

மறுநாள் காகம் சேதி கொண்டுவந்தது. போய் உட்கார்ந்ததும் “தில்லு இருந்தா வை!” என்றானாம். புலி கோபமே படவில்லையாம்.

“சாப்டியாப்பா?” என்று கேட்டதாம்.

“இன்னும் இல்ல,” என்றானாம்.

“நானும்தான்,” என்றதாம் புலி.

செல்லாயி கொஞ்ச நேரம் வருத்தப்பட்டாள். பிறகு சேற்றில் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கிக்கொண்டாள். குளுகுளுவென்று இருந்தது.

நீதி (வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்): முரடனைத் திருத்தப் பார்க்காதே. இதைவிடப் பெரிய ஆட்டம் எங்கே நடக்கிறது என்று வழி சொல்லி அனுப்பு.