கப்பலுக்கு மட்டும் நோயாளி

கோலாலம்பூர்,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய ஜம்புலிங்கம் மாமா அவர்களுக்கு,

வைஜெயந்தி வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பா எவ்வளவு நலம் என்பதற்கு இந்த ஊர் மருத்துவமனை கையெழுத்துப் போட்டு அத்தாட்சியே கொடுத்திருக்கிறது. அந்த அத்தாட்சி வாங்கும்படி ஆனதற்கு யார் காரணம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் முட்டிவலியும், சுசீலா அத்தையின் தையல் மெஷினும், கப்பல் டிக்கெட் வேண்டி ஹட் பே ஜெட்டியில் உங்களைச் சுற்றி நிற்கும் கூட்டமும் வழக்கம்போல் இருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டதால் காகிதத்தில் எழுதுகிறேன். படமெடுத்து அத்தையின் போனுக்கு அனுப்புவேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசிக்க வேண்டும். திட்டுகிற இடங்களில் குரலைக் குறைக்கக் கூடாது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். ஜெயராணி அக்கா புருனேயில் நர்ஸ். அவள் தேவேந்திரனைக் கட்டிக்கொண்டபோது "என்ன ஆளுங்க?" என்று முதலில் கேட்டவர் நீங்கள். இலங்கையிலிருந்து ஒரே கப்பலில் அனுப்பப்பட்டு, கட்சால் தீவில் ஒரே லைன் வீட்டில் இருந்து, ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்த குடும்பங்கள் இரண்டும். சுனாமி வந்தபோதும் ஒரே மேட்டில்தான் ஏறி நின்றன. அதிலும் மேல் கீழ் கண்டுபிடித்த உங்கள் ஆராய்ச்சியை நம்பி அப்பாவும் அக்காவோடு பேசாமல் இருந்தார். அப்புறம் அம்மா இறந்துபோனாள், அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அக்கா குழுவில் ஒரு போட்டோவைப் போட்டாள். அப்பா அதற்குக் கீழே ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டார். அடுத்த நிமிடம் நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு முதல் பிறந்தநாள். "நானே வந்து என் கையால அரைஞாண்கொடி கட்டுறேன்" என்று அப்பா போனில் வாக்குக் கொடுத்தார். அக்கா அழுதாள். அப்பாவும் அழுதார், ஆனால் இருமல் என்று சொன்னார். ஆக மாமா, இந்தப் பயணம் ஊர்சுற்றல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

புருனேக்கு நமக்கு விசா வேண்டும். ஜங்லிகாட் பகுதியில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடைக்கு மாடியில் இருக்கும் ஏஜென்ட், "மெயின்லேண்டுல அலையாதீங்க மேடம், எப்படியும் கோலாலம்பூர் வழியாத்தான் போகணும், அங்கயே டூரிஸ்ட் விசா வாங்கிக்குங்க, ஆராம் சே, சிரமமில்லாம கிடைக்கும்" என்றார். ஆராமாகத்தான் கிளம்பினோம். மலேசியா நமக்குக் கிழக்கே கூப்பிடு தூரம். ஆனால் நாங்கள் கிளம்பிய நேரத்தில் நேராகப் போகும் விமானம் இல்லை. முதலில் மேற்கே சென்னைக்குப் பறந்து, அங்கே ஒரு பகல் முழுக்க நாற்காலியில் குந்தியிருந்து, மறுபடி கிழக்கே பறந்தோம். பாதிக் கடலில் அப்பா ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "பாப்பா, அந்தா பாரு, நம்ம கட்சால் மாதிரியே இருக்கு! அரே, இங்கனயே ஏத்தியிருக்கலாம்ல?" என்று விமானப் பணிப்பெண்ணிடமே கேட்டுவிட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். நம்மைத் தீவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு மறந்துபோனவர்களிடம் கேட்டிருந்தால் தண்ணீர்கூடக் கிடைத்திருக்காது.

விசா அலுவலகம் ஏசி போட்ட அமைதியான இடம். கவுண்டரில் ஒரு மலாய் அம்மா, பக்கத்தில் டோக்கன் கொடுக்கும் தமிழம்மா சொர்ணம்மா. நம் பெயரைப் பார்த்ததுமே "வாங்க அங்கிள், சாப்டாச்சா?" என்று கேட்டார். முதல் சிக்கல் திரும்பும் தேதி. அப்பா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அதெப்பிடிம்மா இப்பவே சொல்றது? கடல் எப்பிடி இருக்கோ, கப்பல் என்னிக்கு அனௌன்ஸ் பண்றானோ" என்றார். சொர்ணம்மா அதை மலாயில் மொழிபெயர்க்க, கவுண்டர் அம்மா எங்கள் விமான டிக்கெட்டை ஒருமுறையும் அப்பாவை ஒருமுறையும் பார்த்தார். நான் தேதியை எழுதிக் கொடுத்தேன். அதோடு தீர்ந்தது.

அடுத்து அப்பா தன் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். தீவுவாசி என்று காட்டும் ஐலாண்டர் கார்டு, ரேஷன் கார்டு, போன வருஷம் கட்சால் போக எடுத்த டிரைபல் பாஸ். இது என்ன பாஸ் என்று அந்த அம்மா கேட்டார். "நான் பொறந்து வளந்து வேலை பாத்த எடத்துக்கு நானே போறதுக்கு" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். பழங்குடி மக்களின் நிலத்தைக் காப்பாற்ற ஒரு சட்டம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. நம்மை அந்த நிலத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தவர்களிடம் அப்போது யாராவது பாஸ் கேட்டார்களா என்பதுதான் என் சந்தேகம். நான் ஹேவ்லாக் தீவு ஓட்டலில் ரிசப்ஷனில் உட்கார்ந்து தினமும் வெள்ளைக்காரர்களின் பாஸ்போர்ட்டைப் புரட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். எங்கே பிறந்தாய் என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு பை வேண்டியிருக்கிறது.

இதுவரைகூடப் பரவாயில்லை மாமா. நான் போட்டோ எடுக்க வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தேன். அந்த அம்மாவின் கையில் நீங்கள் அப்பாவுக்கு ரகசியமாகக் கொடுத்தனுப்பிய மெடிக்கல், நம் ஊரில் கப்பலில் இடம் பிடிக்க வைக்கும் அந்த டாக்டர் சர்டிபிகேட்.

அத்தை, இந்த இடத்தை இரண்டு முறை வாசியுங்கள்.

"நோயாளிக்குக் கடுமையான மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. மேல்சிகிச்சைக்கு உடனே அனுப்பப்பட வேண்டும். துணையாள் ஒருவருக்கும் இடம் ஒதுக்கவும்." இதுதான் அதில் இருந்தது. யார் கையெழுத்து என்று கேட்க மாட்டேன், உங்களுக்கு எல்லாரையும் தெரியும். குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு போன நீங்களே, நாங்கள் கிளம்புவது தெரிந்ததும் அப்பாவுக்குப் போன் பண்ணி, "மச்சான், எங்கயும் ஒரு மெடிக்கல் வெச்சுட்டா வேலை சட்டுனு முடியும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கோபம் வேறு, யோசனை வேறு.

சொர்ணம்மா மெதுவாகக் கேட்டார். "அங்கிள், நீங்க சுத்திப் பாக்கப் போறீங்களா, ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா? ரெண்டும் ஒண்ணா முடியாது லா."

"சுத்திப் பாக்கத்தாம்மா. பேத்திய."

"அப்போ நெஞ்சுவலி?"

அப்பா குழந்தை மாதிரி உண்மையைச் சொல்லிவிட்டார். "அது கப்பலுக்கும்மா. நான் கப்பலுக்கு மட்டும்தான் நோயாளி. பிளேனுக்கு நல்லாத்தான் இருக்கேன்."

சொர்ணம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. சாகக் கிடப்பதாகக் காகிதம் கொடுத்துவிட்டு அரைஞாண்கொடியோடு நிற்கும் மனிதரை எந்த நாடு ஊர்சுற்ற அழைக்கும்? உடம்பு சரியாக இருக்கிறது என்று இங்கே ஒரு மருத்துவமனையில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள்.

மருத்துவமனையில் அப்பாவை டிரெட்மில்லில், அந்த ஓடும் பட்டையில் ஏற்றினார்கள். ரப்பர் மரத்துக்கு மரம் மேடும் பள்ளமுமாக ஆயுள் முழுக்க நடந்தவர். நர்ஸ் வேகத்தைக் கூட்டினாள், நடந்தார். இன்னும் கூட்டினாள், நடந்தார். டாக்டரே வந்து போதும் என்று கையைக் காட்டியபோது, "அதுக்குள்ளயா? இன்னும் எத்தனை மரம் இருக்கு?" என்று கேட்டார். முப்பது வயசுக்காரனின் இதயம் என்று டாக்டர் எழுதினார். அந்தக் காகிதம் எங்கள் கைக்கு வந்து நாங்கள் டாக்ஸி பிடித்து ஓடியபோது விசா அலுவலகத்தில் கதவை மூடிவிட்டு, தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். இனி திங்கட்கிழமை. பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை.

அப்பா இப்போது லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து அரைஞாண்கொடியைத் துணியில் சுற்றுகிறார், பிரிக்கிறார், மறுபடி சுற்றுகிறார். மாமா வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டேன். "சீ, சீ. உங்க மாமா அப்பிடிப்பட்ட ஆள் இல்ல. அவனுக்கு அவ்ளோ மூளை கிடையாது" என்றார். என்னால் அப்படி விட முடியவில்லை. பேத்தி பிறந்தநாளுக்குப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னால் நம் ஊரில் கப்பலில் இடமில்லை, சாகப்போகிறேன் என்றால் படுத்துப்போக பங்க் கிடைக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்துவைத்தவர்கள் யாரும் கப்பலில் வருவதில்லை, அவர்கள் மேல் கோபப்படுவதை விட்டுவிட்டு நீங்கள் ஊர் முழுக்கப் பொய் வியாதி வாங்கிக் கொடுத்துப் பெரிய மனிதர் ஆகிவிட்டீர்கள். நாமும் பழகிவிட்டோம். அண்டை நாட்டுக்குப் போனாலும் முதலில் இருமிக் காட்டுகிறோம். குழந்தையின் முதல் பிறந்தநாள் இன்னொரு தடவை வராது. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு, நீங்கள் மட்டும்தான் பொறுப்பு.

அத்தைக்கு என் அன்பு. இவ்வளவு திட்டிய பிறகும் பெரியவர் என்ற முறையில் உங்கள் ஆசீர்வாதத்தைக் கேட்கிறேன். இல்லையென்றால் அப்பா இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
மருமகள் வைஜெயந்தி
(அருகில்) சௌக்கியமான மச்சான் காத்தமுத்து

பின்குறிப்பு: இது ஞாயிற்றுக்கிழமை எழுதுவது. மேலே உள்ளதை அனுப்பாமல் வைத்திருந்தேன். எழுதியதை வீணாக்க மனமில்லாததால் அனுப்புகிறேன். ஆனால் "நீங்கள் மட்டும்தான் பொறுப்பு" என்பதை அடித்துவிடுங்கள். அத்தை இதற்குள் வாசித்திருப்பார், சரி, போகட்டும்.

நேற்று அப்பா அக்காவுக்குப் போன் பண்ணி, "ஆத்தா, நான் வர முடியாது போல" என்றார். அக்கா, "நீங்க ஏம்ப்பா வரணும்? நாங்க வர்றோம்" என்றாள்.

"விசா?"

"இந்தியா பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவுல இப்ப விசாவே வேணாமே. நீங்க எப்பிடிப்பா உள்ள போனீங்க?"

நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விசா இல்லாமல்தான் வந்திருந்தோம். பாஸ்போர்ட் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. அவளுக்கும் அதே பாஸ்போர்ட்தான்.

இன்று காலை மூவரும் வந்து இறங்கினார்கள். தேவேந்திரன் அத்தான் என்ன பேசுவது என்று தெரியாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாப்டீங்களா மாப்ளே?" என்றார் அப்பா. அவ்வளவுதான், அந்த விவகாரம் முடிந்தது. உங்கள் ஆராய்ச்சியும் முடிந்தது. ஆனால் குழந்தை அப்பாவைப் பார்த்ததும் வீறிட்டு அலறியது. கிட்டவே விடவில்லை. அரைஞாண்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா விமான நிலையத் தரையிலேயே, அதற்கு எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "பழகிடுவாப்பா, கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள் அக்கா.

"ஆகட்டுமே" என்றார் அப்பா. "நமக்கென்ன, கப்பலா போயிடப் போவுது?"