மலையணில் சும்மா உட்கார்ந்திருந்து விழுந்த கதை

ஒரு காட்டில், அரசு மருத்துவமனை வாசலில், மாலை நான்கு மணிப் பார்வை நேரத்துக்கு வரிசையில் நின்றவர்கள் இவர்கள்: கரடி, காட்டுப்பன்றி, குரங்கு, மயில், கீரி, சாரைப்பாம்பு, முயல்கள் இரண்டு, அழுங்கு. மொத்தம் ஒன்பது. காட்டுப்பன்றியோடு அதன் குட்டிகளும் வந்திருந்தன. குட்டிகளுக்குப் பாஸ் கிடையாது என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை. கீரிக்கும் சாரைப்பாம்புக்கும் நடுவே முயல்கள் நின்றன. அது முயல்கள் கேட்டு வாங்கிய இடம் அல்ல.

அவர்கள் பார்க்க வந்தது மலையணிலை. எட்டு நாள் முன்பு பலா மரத்திலிருந்து விழுந்து அதற்கு வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. டாக்டர் மரங்கொத்தி மூன்று இடத்தில் தட்டிப் பார்த்து, காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "நாற்பது நாள் அசையாமல் தூங்க வேண்டும். எலும்பு சரியாக ஒட்டாவிட்டால் ஆயுசுக்கும் மரம் ஏற முடியாது, தரையில்தான்" என்று சொல்லியிருந்தார்.

எட்டு பேர் கையில் ரொட்டிப் பாக்கெட் இருந்தது. மலையணில் ரொட்டி தின்னாது. அது எல்லோருக்கும் தெரியும். நோயாளியைப் பார்க்கப் போனால் ரொட்டி வாங்குவது வழக்கம். நோயாளிக்குப் பிடித்ததை வாங்குவது வழக்கம் இல்லை.

அழுங்கின் கை மட்டும் காலியாக இருந்தது. ஆனால் அதுதான் அணிலின் உயிர் நண்பன். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் இனம் என்பதால் அழுங்குக்குக் கூச்சம் அதிகம். இரண்டு பேருக்கு மேல் கூடிய இடத்தில் அது வாய் திறந்ததில்லை. எதிலும் கணக்காக இருக்கும். எறும்பைக்கூட எண்ணித்தான் தின்னும். நண்பனுக்கு என்ன கொண்டுபோவது என்று எட்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தது. விசிறி கொடுக்கலாம் என்றால் அணிலின் வாலே விசிறி. பழம் கொடுத்தால் பக்கத்துக் கட்டில் மரநாய் விடாது. பூ கொடுத்தால் தும்மல் வரும், தும்மினால் கால் ஆடும்.

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போய்க் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"எப்படிப்பா விழுந்தே?" என்று கரடி ஆரம்பித்தது.

"சும்மா உட்கார்ந்திருந்தேன் அண்ணே. விழுந்துட்டேன்."

"சும்மா உட்கார்ந்திருந்தா எப்படி விழும்? நானுந்தான் தினமும் சும்மா உட்கார்ந்திருக்கேன். விழுந்தேனா?"

"யாராச்சும் தள்ளிவிட்டாங்களா? பயப்படாமச் சொல்லு" என்று காட்டுப்பன்றி குரலைத் தாழ்த்திக்கொண்டு குரங்கைப் பார்த்தது.

"என்னை எதுக்குய்யா பாக்கறே?" என்றது குரங்கு.

"எங்க பெரியப்பா ஒருத்தரும் இதே மாதிரிதான் விழுந்தாரு" என்றது மயில்.

"இப்ப எப்படி இருக்காரு?" என்று அணில் ஆவலாகக் கேட்டது.

"அவரு இல்லையே" என்றது மயில்.

எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று எட்டு பேரும் தனித்தனியாகக் கேட்டார்கள். அணில் எட்டு முறையும் உடம்பை வளைத்து, உட்கார்ந்திருந்த விதத்தைச் செய்து காட்டியது. எட்டு முறையும் காலில் தொங்கிய கல் ஆடியது. பிறகு ரொட்டியை வைத்துவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடு" என்று எட்டு பேரும் போனார்கள்.

அழுங்கு மட்டும் நின்றது. "உனக்கு நெசமா என்னடா வேணும்?" என்று கேட்டது.

"தூக்கம்" என்றது அணில். "எப்படி விழுந்தேன்னு இன்னியோட நாற்பத்தேழு தடவை சொல்லியாச்சு."

"நாற்பத்தொன்பது. முந்தாநாள் வந்த குயில் ரெண்டு தடவை கேட்டுச்சு, நீ அதை விட்டுட்டே."

"எலும்பு நகர்ந்துபோச்சுன்னு இன்னிக்கு டாக்டர் சொல்றாருடா. இனி தரையில கிடந்து எப்படிடா பொழைப்பேன்?" அணிலின் கண் நிறைந்துவிட்டது.

"வாசல்ல நின்னு உனக்குப் பதிலா நான் சொல்லிடறேன். அவங்க கேட்டுட்டு அப்படியே போகட்டும்" என்றது அழுங்கு.

"நீயா? அத்தனை பேர் முன்னாடியா?"

"நான்தான்" என்றது அழுங்கு. சொல்லும்போதே பாதி சுருண்டுவிட்டது.

மறுநாள் நான்கு மணிக்கு அது வாசலில் நின்றது. இரண்டு முறை பந்தாகிப் பிரிந்த பிறகு பேசியது: "அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். விழுந்தான். அவ்வளவுதான்."

"இதைத்தான் அவனும் சொன்னான்" என்று கரடி அதை விலக்கிவிட்டு உள்ளே போனது. மற்றவர்களும் போனார்கள். கல் அன்றும் எட்டு முறை ஆடியது. கொக்கு சிஸ்டர் காலை நேராக்கிவிட்டு, "நாளைக்கும் இப்படின்னா அப்புறம் எங்களைக் கேக்காதீங்க" என்று அழுங்கிடம் சொன்னார்.

அதற்கடுத்த நாள் அழுங்கு கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு பாம்பு வந்துச்சு" என்றது.

கூட்டம் அப்படியே நின்றது.

"எந்தப் பாம்பு?" என்று சாரைப்பாம்பு தலையைத் தூக்கியது.

"வெளியூர்ப் பாம்பு."

"அதானே பார்த்தேன். அவங்க அப்படித்தான்" என்று சாரைப்பாம்பு திரும்பவும் சுருண்டுகொண்டது.

"ஏன், பக்கத்துல கீரி யாரும் இல்லையோ?" என்றது கீரி.

"இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

கீரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"பலா மரத்துலேர்ந்து விழுந்தா தொடை முறியாதே. இலவ மரமா இருக்கணும்" என்றது குரங்கு.

அழுங்கு ஒரு கணம் தயங்கியது. உள்ளே கல் ஆடுமே என்று நினைத்தது. "இலவ மரம்தான்" என்றது.

அன்று ஒருவரும் உள்ளே போகவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டாயிற்று. ரொட்டியை அழுங்கின் கையில் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே கலைந்தார்கள். அழுங்கு உள்ளே எட்டிப் பார்த்தது. அணில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. எட்டு நாள் யோசித்தும் கிடைக்காத பரிசு இப்படிக் கிடைத்துவிட்டது.

அதிலிருந்து முப்பத்தொரு நாள் அழுங்கு தவறாமல் வாசலில் நின்றது. முதல் வாரம் ஒரே பாம்பு. "ஒத்தைப் பாம்புக்கா இவ்வளவு?" என்று கரடி அலுத்துக்கொண்டதால் இரண்டாவது வாரம் இன்னொன்று சேர்ந்தது. காட்டுப்பன்றிக்காக இடி இடித்தது. மயில் கேட்டுக்கொண்டதால், விழுவதற்கு முன் அணில் ஒரு மயில் குஞ்சைக் காப்பாற்றியது. முயல்கள் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள். அழுங்கு பந்தாவதை எந்த நாளில் விட்டது என்று அதற்கே தெரியாது. அது எண்ணாமல் விட்டது இது ஒன்றுதான்.

நாற்பதாவது நாள் மரங்கொத்தி தட்டிப் பார்த்து, "ஒட்டிவிட்டது. மரம் ஏறலாம்" என்று டிஸ்சார்ஜ் சீட்டு எழுதினார். சரியாக நான்கு மணிக்கு அணில் தன் காலால் நடந்து வாசலுக்கு வந்தது.

"எனக்குச் சரியாயிடுச்சு!" என்றது.

"சத்தம் போடாதப்பா, ரெண்டாவது பாம்பு வருது" என்றது கரடி.

"எங்கே வருது? யாரைப் பத்திப் பேசறீங்க?"

"உன்னைப் பத்தித்தான். நீ எப்படி விழுந்தேன்னு."

"நான் சும்மா உட்கார்ந்திருந்து விழுந்தேன்."

எட்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாம்பு ஞாபகம் இல்லை" என்று முதல் முயல் மெதுவாகச் சொன்னது.

"குஞ்சுகூட ஞாபகம் இல்லை" என்றது மயில்.

"தலையில பட்டிருக்கு. இத்தனை நாளாக் காலை மட்டும் பார்த்திருக்காங்க" என்று கரடி டாக்டரைக் கூப்பிட்டது.

மரங்கொத்தி வந்தார். அணில் அழுங்கின் கையைப் பிடித்துக்கொண்டது. "நீயே சொல்லுடா. உனக்குத் தெரியும். நான் எப்படி விழுந்தேன்? பாம்பு வந்துச்சா?"

எட்டு பேரும் டாக்டரும் அழுங்கைப் பார்த்தார்கள். அது வாயைத் திறந்தது. கூட்டத்தின் முன்னால் உண்மை சொல்லி அதற்கு ஒரு நாள்தான் பழக்கம். மற்றதில் முப்பத்தொரு நாள் பழக்கம்.

"ரெண்டு" என்றது அழுங்கு.

மரங்கொத்தி இந்தத் தடவை தலையில் தட்டினார். "ஒன்பது பேர் ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் வேறு சொல்கிறார். நோய் யாருக்கென்று தெரிகிறது" என்றார். கொக்கு சிஸ்டர் புதுப் படிவம் எடுத்து, 'விபத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் "பாம்பு (வெளியூர்), எண்ணிக்கை இரண்டு" என்று நிரப்பினார். அணிலைத் தலைக்காய வார்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் நாற்பது நாள்.

"நீ சொல்லுப்பா" என்று கரடி வசதியாக உட்கார்ந்தது.

அழுங்கு சொல்லி முடித்தது. எல்லோரும் போன பிறகு, தான் சொன்னதில் உண்மை எவ்வளவு என்று தனியாக உட்கார்ந்து கழித்துப் பார்த்தது. இலவ மரம் போயிற்று, இடி போயிற்று, குஞ்சு போயிற்று, பாம்பு இரண்டும் போயின. விழுந்தது மட்டும் நின்றது. மீதம் ஒன்று.

நீதி: ஆஸ்பத்திரியில் இருக்கும் நண்பனைப் பார்க்க வெறும் கையோடு போகலாம், வெறும் உண்மையோடு போகக் கூடாது.