பி.டி. வாத்தியாருக்கு நடந்த புதுமை

எடை தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது என்று காலமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ராயப்பராஜ். முதுகை வளைக்கக் கூடாது. முழங்காலை மடக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு மாடிப்படியின் அடியில் கிடந்த அரிசிச் சிப்பத்தைக் காட்டி, இதையெல்லாம் மனைவி ஆனந்தமேரிக்கும் ஒரு தடவை விளக்கினார். ஆளுக்கு ஒரு முனையாகப் பிடிக்கலாம் என்று வந்தவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். மடக்கினார். இழுத்தார். தூக்கினார். இடுப்புக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சிப்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. வாத்தியாரைத்தான் நாலு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கிப் போனார்கள்.

டிஸ்க் விலகியிருக்கிறது என்றார் டாக்டர். இடுப்புக்கு ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டு, தான் சொல்லும்வரை தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடக் கூடாது என்று கட்டளை போட்டார். ராயப்பராஜுக்கு வலி ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் மனசுக்குள் வந்தது தை மாதத்துப் புனித செபஸ்தியார் திருவிழா. அன்றைக்கு ஊரைச் சுற்றி வரும் சப்பரத்தின் வலதுபக்க முன்தண்டு அவர் தோளுக்குச் சொந்தம். பட்டா எழுதிக் கொடுக்காத குறைதான். திண்டுக்கல்லில் பி.டி. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே பதவியும் அதுதான். ஆனந்தமேரியின் தம்பி ஸ்டீபன்ராஜ் பல வருஷமாகப் பின்தண்டில் நின்றுகொண்டு, என்றைக்காவது தனக்கு முன்னேற்றம் கிடைக்காதா என்று மச்சானின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனந்தமேரிக்கு உடனடிக் கவலை வேறு. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. போனில் சொன்னால் மளிகைக்கடை மணிமாறன் வீட்டுக்குச் சாமான் அனுப்புவார். ஆனால் அவர் கணக்கில் வீடு என்றால் கேட் மட்டும்தான். மாடி ஏறுவது கடை வழக்கத்தில் இல்லை. அவள் சாமானைச் சின்னச் சின்னப் பையாகப் பிரித்து, இரண்டு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, "சேசுவே" என்று கூப்பிட்டுக்கொண்டே ஏறி வருவாள். உள்ளே படுத்திருக்கும் ராயப்பராஜுக்கு அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு அறுக்கும். ஆண்பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்தும் பொம்பளை உப்புக்கும் பருப்புக்கும் இந்தப் பாடு படுகிறாளே என்று கண் கலங்கினார்.

கடைசியில் அவள் அன்பியத்தில் சொல்லப்போவதாகச் சொன்னாள். அன்பியம் என்பது தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி, ஜெபம் சொல்லி, காப்பி குடித்து, ஒருத்தர் கஷ்டத்தை இன்னொருத்தர் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. ராயப்பராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெருவுல உள்ளவனையெல்லாம் நம்ம வீட்டுக்குச் சாமான் தூக்கச் சொன்னா என் மரியாதை என்னத்துக்கு ஆகுறது?"

"உங்க மரியாதைய வதக்கி வெஞ்சனம் வைக்க முடியாதுங்க. முடியலைன்னா முடியலைன்னு சொல்லணும். அதுல என்ன வெக்கம்?"

அவள் சொன்னாள். அன்பியத் தலைவர் ஆரோக்கியதாஸ் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இன்ன வாரம் இன்ன வீடு என்று முறை போட்டுவிட்டார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் பிராங்கிளின் முதல் ஆளாக வந்து, சிப்பத்தை ஒரே தோளில் போட்டுக்கொண்டு, பாட்டை முணுமுணுத்தபடி படியேறினான். ராயப்பராஜ் வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார். அதற்கடுத்த வாரம் வாயைத் திறந்தார். அதன்பிறகு மூடவில்லை. தக்காளி நாட்டுத் தக்காளியா என்று கேட்டார். புளி நத்தத்துப் புளிதானா என்று விசாரித்தார். வாழைப்பழத்தை மோந்து பார்த்து, இது சிறுமலைப் பழமில்லை என்று திருப்பி அனுப்பினார். தேங்காயைக் காதோரம் ஆட்டிக் காட்டச் சொன்னார். பிள்ளைகளை விசில் அடித்து ஓடவிட்ட காலம் திரும்பி வந்தது போல இருந்தது. கொண்டுவந்தவர்கள் காப்பி குடித்து, அவரிடம் உடம்பை விசாரித்து, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நோய் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் இடுப்பு துரோகம் செய்தது. கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில் எழுந்தார், வலியைக் காணோம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்தார். கை கால்விரலைத் தொட்டது. தனியாக டாக்டரிடம் போனார். டாக்டர் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, பெல்ட்டைக் கழற்றிப் போடலாம், அளவாக எடையும் தூக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த நல்ல செய்தியை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தார். அது சத்தியம். ஆனால் தெருமுனையில் இறங்கியபோது, பிராங்கிளின் சிப்பத்தோடும் ஆரோக்கியதாஸ் தேங்காய்களோடும் அவர் வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சிக்குத் தன் வாயாலேயே முடிவு கட்ட ஒரு மனுஷனுக்குக் கல்நெஞ்சு வேண்டும். ராயப்பராஜ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெல்ல நடந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் ஆனந்தமேரி.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம்."

"அப்படியா" என்றாள். ஆனந்தமேரியின் 'அப்படியா'வில் கேள்வி கிடையாது என்பதைக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்கவில்லை.

அதிலிருந்து காலிங் பெல் அடித்தால் இடுப்பில் பெல்ட் ஏறும். வந்தவர் படி இறங்கினால் பெல்ட்டும் இறங்கும். இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, அன்பிய ஜெபம் அவர் வீட்டு முறைக்கு வந்தது. ஜெபம் முடிந்து காப்பி கொடுக்கும் நேரத்தில் மலர்விழி தயங்கித் தயங்கி எழுந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் இறந்துவிட்டார். இப்போது அவளுக்கே சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் நடக்கிறது. குடியிருப்பில் மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் காய்கறிப் பையைத் தூக்க முடியவில்லை, யாராவது வாரத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றாள்.

ஆரோக்கியதாஸ் தலையைச் சொறிந்தார். தூக்கக்கூடிய ஆட்களே நாலைந்து பேர்தான். எல்லோருக்கும் வாத்தியார் வீட்டில் முறை இருக்கிறது. "சார் கொஞ்சம் தேறி வரட்டும் சிஸ்டர். அடுத்தது உங்களுக்குத்தான்" என்றார். எல்லோரும் ராயப்பராஜைப் பார்த்தார்கள். அவர் குனிந்து தன் பெல்ட்டைப் பார்த்தார். மலர்விழி அவரிடம் வந்து, "உங்களுக்குச் சீக்கிரம் நல்லாகணும்னு வேண்டிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குடித்த காப்பி அவருக்குக் கசந்தது. காலையிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்.

காலையில் ஸ்டீபன்ராஜ் வந்து அந்த முடிவைக் கெடுத்தான்.

"மச்சான், திருவிழா நெருங்கிருச்சு. உங்களுக்கோ முடியல. இந்த வருசம் முன்தண்ட நான் புடிச்சுக்கிறேன்."

"அதுக்குள்ள நமக்குச் சரியாயிட்டா?"

"சரியாயிட்டா இப்பவே சொல்லிருங்க. ஆரோக்கியதாஸ் அண்ணன்கிட்ட சொல்லி இந்த வாரமே சாமான் முறைய நிறுத்திருவோம்."

ராயப்பராஜ் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். ஆறிவிட்டது என்றால் சிப்பம் தலையில் விழும். ஆறவில்லை என்றால் முன்தண்டு கைவிட்டுப் போகும். இத்தனை நாள் குணமானதை ஏன் மறைத்தீர் என்று ஊர் கேட்டால் அந்த மானக்கேடு வேறு. மச்சினன் படி இறங்கும் வரைக்கும் யோசித்தார். அவன் கடைசிப் படியில் கால் வைத்தபோது அவருக்கு மூளையில் பல்பு எரிந்தது. புதுமை என்கிற அற்புதம் ஒன்று நடந்தால் என்ன? திருவிழா அன்றைக்கு, அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால், செபஸ்தியாரே அவரைக் குணமாக்கிவிட்டால் யார் என்ன கேட்க முடியும்? அதுவரை சாமானும் வரும். அன்றைக்குத் தண்டும் வரும்.

புனிதரின் பெயரால் பொய் சொல்வது பாவமாயிற்றே என்று மனசாட்சி கேட்டது. செபஸ்தியார் படத்துக்கு முன்னால் நின்று அவரோடு பேசி முடித்துக்கொண்டார். குணமானது நிஜம். குணமாக்கியது நீர்தான். தேதி மட்டும்தான் கொஞ்சம் முன்னே பின்னே. செபஸ்தியார் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

திருவிழா வந்தது. கோயில் வாசலில் சீரியல் பல்பு மின்னியது. பேண்டு வாத்தியம் காதைக் கிழித்தது. பூ ஜோடித்த சப்பரத்தின் முன்தண்டில் ஸ்டீபன்ராஜ் புது வேட்டியில் மாப்பிள்ளை போல நின்றான். ராயப்பராஜ் ஆனந்தமேரியின் தோளைப் பிடித்தபடி, வேட்டிக்கு மேலே பெல்ட் தெரிய, அங்குலம் அங்குலமாக நடந்து வந்தார். ஜனம் வழிவிட்டது. சப்பரத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தார். கண்ணை மூடினார். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வீசிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏலே மாப்ளே, தள்ளு."

ஸ்டீபன்ராஜ் தள்ளி நின்றான். ராயப்பராஜ் முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்து, முன்தண்டைத் தோளில் ஏற்றினார். சப்பரம் எழுந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள் அழுதுவிட்டாள். "செபஸ்தியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று தெருவே முழங்கியது. வேட்டு வெடித்தது. பின்தண்டுக்குப் போன ஸ்டீபன்ராஜ் ஏக்கத்தை மறந்து நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டான். மச்சான் பிழைத்தாரே, அது போதும் அவனுக்கு. தெருத் தெருவாகப் போனது சப்பரம். பிராங்கிளின் மின்கம்பி சப்பரத்தில் தட்டாமல் கம்பால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். வீட்டுக்கு வீடு வெளியே வந்து, புனிதரைக் கும்பிட்ட கையோடு ராயப்பராஜையும் ஒரு கும்பிடு போட்டார்கள். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு சாயங்காலம் வந்ததில்லை.

சப்பரம் கோயிலுக்குத் திரும்பியதும் ஆரோக்கியதாஸ் மைக்கை அவர் கையில் கொடுத்தார். வரம் பெற்றவர்கள் நாலு பேர் அறியச் சாட்சி சொல்வது வழக்கம். மின்னல் போல ஏதோ ஒன்று இடுப்பில் இறங்கியது என்று ராயப்பராஜ் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்போது ஆனந்தமேரி மெல்ல நடந்து வந்து மைக்கை வாங்கினாள். மேடைப் பக்கமே போகாதவள் அவள்.

"எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு நல்லாகணும்னு நான் செபஸ்தியாருக்கு ஒரு நேர்ச்சை வச்சிருந்தேன். மொட்டை, மெழுகுதிரியெல்லாம் எல்லாரும் பண்றதுதான். நான் வேற மாதிரி நேந்துக்கிட்டேன். அவருக்குக் குணமாச்சுன்னா, நம்ம கோயில் பங்குல முடியாம இருக்குற அத்தன பேரு வீட்டுக்கும் மளிகையும் காய்கறியும் அவரே தோள்ல தூக்கிக் கொண்டுபோய்க் குடுப்பாரு. அடுத்த திருவிழா வரைக்கும். எத்தன மாடியா இருந்தாலும் அடுப்படி வரைக்கும்."

முன்பு வந்த கைதட்டல் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கோயில் குருவான பங்குச்சாமி பீடத்திலிருந்து இறங்கி வந்து வாத்தியாரின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். நேர்ச்சையை மறுத்தால் புதுமையை மறுத்ததாகும். புதுமையை மறுத்தால் குணமான தேதி வெளியே வரும். ராயப்பராஜ் எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது. மலர்விழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் மெலிவைப் பார்த்ததும் ராயப்பராஜுக்கு வெட்கம் தாங்கவில்லை. "நாளைக்குக் காலையிலேயே வாரேன் சிஸ்டர். சிறுமலைப் பழமும் கொண்டாறேன்" என்று மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சொன்ன பிறகு மனசு லேசானது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் மூணாவது மாடிக்கு அரிசியும் காயும் ஏற்றிவிட்டு, சட்டை நனைந்து வீடு திரும்பினார். இன்னும் ஏழெட்டு வீடு பாக்கி இருந்தது. ஆனந்தமேரி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் நேற்றிலிருந்து தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டார்.

"ஏன் மேரி, எனக்குக் குணமாகாமலே போயிருந்தா இம்புட்டுப் பெரிய நேர்ச்சைய என்ன பண்ணிருப்ப?"

ஆனந்தமேரி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நோவுல கெடக்குற மனுசன வச்சு யாராச்சும் இப்படி நேந்துக்குவாங்களா? நீங்க பாத்துட்டு வந்த அன்னிக்கே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தானே நேந்துக்கிட்டேன்."