சமன்குறிப் போரில் கைதூக்கு படலம்

வாழ்க எங்கள் தலைவி! கொதிநீர்த் தொட்டிக்கு அஞ்சாதவள், இஸ்திரி எந்திரத்தின் எரிவாய் முன் இமையாதவள், பெருமருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பதினோராண்டு செங்குருதிக் கறையோடு பொருது கறையையே புறமுதுகிடச் செய்தவள், ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்புகளின் கொட்டத்தை அடக்கி நான்காய் மடித்தவள், எட்டாம் வகுப்பு மகளுக்குத் தாய், உடன்பயிலும் நாற்பத்தொருவருக்கும் ஒரே அக்கா! அவள் வலக்கை வாழ்க! அந்தக் கை ஒரு மாலைப்பொழுதில் பெஞ்சிலிருந்து ஒன்றரை அடி மேலே எழுந்த வரலாற்றையே இங்கே சொல்லப் புகுந்தோம்.

அவையோர் பொறுத்தருள்க. சொல்ல வந்த அடியேன் பள்ளிக் கணக்கில் மூன்று முறை பெயிலானவன். எக்ஸின் மதிப்பு என்ன என்று இன்று யாராவது கேட்டாலும் கடிகாரத்தைப் பார்த்தபடி இடத்தைக் காலி செய்பவன். பிழை இருந்தால் அடியேனைத் திட்டுங்கள், அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள்.

கல்லூரியில் சேர்ந்தும் கல்லூரிப் பாடத்துக்கு ஆயத்தமாகாதோர் என்று அலுவலகத்தார் முத்திரை குத்தி, மூன்றாம் மாடியின் கடைக்கோடி அறைக்கு அனுப்பிவைத்த நாற்பத்திரண்டு பேர் கொண்ட சேனை அது. அடிப்படை இயற்கணிதம் என்பது அவ்வறையின் பெயர். அதில் ஐம்பதுக்கு இருபது வாங்கித் தேறினால்தான் ஆய்வகப் பயிற்சியின் வாசல் திறக்கும். இத்தனை காலம் துணியில் கண்ட குருதியை இனிக் கண்ணாடிக் குழாயில் காண வேண்டும், தரைக்கடியில் இருக்கும் சலவைக்கூடத்தை விட்டுச் சன்னல் உள்ள மாடிக்கு ஏற வேண்டும் என்பதே தலைவியின் வேட்கை. முதற்போரில் அவள் பெற்றது பதினொன்று. இரண்டாம் போர் வரும் செவ்வாய்க்கிழமை. மூன்றாவது வாய்ப்பு கிடையாது என்று விதிப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

இனிக் களம் காண்க. ஒரு கால் ஆடும் பெஞ்சுகள் ஆடின; மூன்று இறக்கை விசிறி தன் உயிரை வெறுத்துச் சுழன்றது; வெண்பலகை என்னும் பாலைநிலத்தில், இருபத்திரண்டு ஆண்டு அனுபவமும் மையற்ற மார்க்கரும் ஏந்திய கணக்கு சார், 'மூன்று எக்ஸ் கூட்டல் ஏழு சமம் இருபத்திரண்டு' என்று எழுதி அணிவகுப்பை நிறுத்தினார். அப்போது நிகழ்ந்தது அந்த அற்புதம். ஏழு என்னும் மாவீரன், சமன்குறி என்னும் இரட்டை அகழியை ஒரே பாய்ச்சலில் தாண்ட, தாண்டிய வேகத்தில் அவன் தலையிலிருந்த கூட்டல் மகுடம் அகழியில் வீழ, கழித்தல் கோலத்தோடு மறுகரை ஏறி, இருபத்திரண்டின் பக்கத்தில் போய் நின்றான். எதற்காகத் தாண்டினான்? தாண்டினால் ஏன் மகுடம் போகிறது? பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக இதைக் கண்ட நாள் தொட்டு அக்காவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்த கேள்விகள் இவை. எட்டாம் வகுப்பு மகளைக் கேட்டிருக்கலாம். ஆனால் தாய்க்கும் ஒரு கௌரவம் இருக்கிறது.

"புரிஞ்சுதா?" என்று முழங்கினார் சார்.

"புரிஞ்சுது சார்!" என்று அதிர்ந்தது சேனை. பகல்காவல் முடித்து வந்து பின்வரிசையில் சுவரோடு சுவராய் உறங்கிக்கொண்டிருந்த செக்யூரிட்டி அண்ணன், கண் திறவாமலே எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். அறியாதார்க்கு ஓர் உண்மை உரைப்போம். ஆறாம் வகுப்பு முதல் ஆண்டுக்கு இருநூறு நாள் இந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் இவர்கள் அனைவரும் இந்த அறைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

அந்தக் கணத்தில்தான் தலைவியின் வலக்கை துடித்தது. நனைந்த விரிப்பு மூட்டையை ஒரே மூச்சில் தோளேற்றும் கை அது. இன்றோ பெஞ்சோடு ஆணி அடித்தாற்போல் கிடந்தது. வெட்கம் மணிக்கட்டைப் பிடித்தது. பழக்கம் முழங்கையைப் பிடித்தது. 'இந்த வயசுல இதுகூடத் தெரியலையா' என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நினைத்துவிடுவார்களே என்னும் அச்சம் தோளில் ஏறி உட்கார்ந்தது. மூன்று பகைவரையும் ஒருத்தியாய் உதறி, பல்லைக் கடித்து, வியர்த்து, இறுதியில் அவள் கை எழுந்தது! காது வரை எழுந்தது!

சார் பார்த்தார். "போயிட்டு வாங்கம்மா, இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்று கழிவறை இருந்த திசையைக் காட்டினார்.

என்ன செய்வாள் எங்கள் சிங்கம்? எழுந்து போனாள். ஈரத் தரையும் சொட்டும் குழாயும் கொண்ட அந்தப் பாசறையில், கண்ணாடி முன் நின்று, தேவையில்லாமல் இரண்டு முறை கை கழுவினாள். படிக்கட்டு பக்கத்தில்தான் இருந்தது. இறங்கினால் வாசல், வாசலைத் தாண்டினால் பஸ், பஸ் ஏறினால் வீடு. அத்தோடு இந்த எக்ஸுக்கு ஒரு முழுக்கு போட்டுவிடலாம். இரண்டு படி இறங்கியும் விட்டாள். ஆனால் பை வகுப்பில் இருந்தது. பைக்குள் பஸ் பாஸும் வீட்டுச் சாவியும் இருந்தன. உலகம் வியக்கும் வீரங்களில் பாதி, பையை உள்ளே வைத்துவிட்டு வந்ததால் நேர்ந்தவைதான். அவள் திரும்பி நடந்தாள்.

இம்முறை கையை நம்பவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டு, சலவைக்கூட எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரலில் பிரகடனம் செய்தாள்:

"சார், எனக்குப் புரியல."

விசிறிகூட ஒரு கணம் நின்றதாகச் சொல்வார்கள். "எதும்மா புரியல?" என்றார் சார்.

"அந்தப் பக்கம் போனா ஏன் சார் மைனஸ் ஆகுது?"

"அது ரூலும்மா. போனா மாறும்."

"அதான் சார், ஏன் மாறுது?"

பெருஞ்சபையில் வில் முறிந்தாற்போல் ஒலித்தது அந்தக் கேள்வி. இருபத்திரண்டு ஆண்டில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. மார்க்கரின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு பலகையை அழித்துக் கணக்கைத் திரும்ப எழுதி, சமன்குறிக்கு இந்தப் பக்கம் ஒரு 'கழித்தல் ஏழு', அந்தப் பக்கம் ஒரு 'கழித்தல் ஏழு' என்று மெதுவாக எழுதினார்.

"ஏழு எங்கயும் போகலம்மா. ரெண்டு பக்கமும் ஏழைக் கழிக்கிறோம், அவ்ளோதான். இந்தப் பக்கம் ஏழும் ஏழும் அடிபட்டுப் போயிடுது. அந்தப் பக்கம் கழிச்சது மட்டும் கண்ணுக்குத் தெரியுது."

"அப்போ அது தாண்டவே இல்லையா சார்?"

"இல்லம்மா."

"தாண்டுதுன்னுதானே சார் எல்லாரும் சொன்னாங்க?"

"நானும்தாம்மா சொல்லிட்டிருந்தேன்."

ஆகவே அவையோரே, மேலே நாம் பாடிய பாய்ச்சல், அகழி, மகுடம் யாவும் பொய். அருள்கூர்ந்து அடித்துவிடுங்கள். அக்கா வாசலிலேயே நின்றாள். கண் கலங்கிவிட்டது. நடக்காத ஒன்று ஏன் நடக்கிறது என்று புரியாமல் இத்தனை வருடம் தன் மூளையைத் தானே திட்டிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

செக்யூரிட்டி அண்ணன் கண்ணைத் திறந்து, "சார், எனக்கும் அது புரியாமத்தான் இருந்துச்சு" என்றார். "எனக்கும் சார்" என்றது சன்னலோரம். "எனக்கும்" என்றது முதல் பெஞ்சு. கரை உடைந்தாற்போல் நாற்பத்தொரு குரலும் வந்தன.

"அப்புறம் எதுக்குய்யா நாலு மாசமா புரிஞ்சுது புரிஞ்சுதுன்னு கத்துனீங்க?" என்று சார் கேட்டதும் நாற்பத்திரண்டு தலைகளும் நோட்டுக்குள் கவிழ்ந்தன. அவர் பெருமூச்சு விட்டுப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்.

பின்னர் வந்தது அந்தச் செவ்வாய்! வினாத்தாள்கள் கொடியெனப் படபடக்க, பேனாக்கள் வேலென நிமிர, அடைப்புக்குறிகள் வாய்பிளந்து எதிர்வர, பின்னங்கள் மாடிமேல் மாடியாய் நின்று மிரட்ட, முகமூடி அணிந்த எக்ஸ்கள் திசைதோறும் மறைந்திருந்து தாக்க, எங்கள் தலைவி சமன்குறியின் இருபுறமும் ஒருபடித்தாய்க் கழித்து, ஒருபடித்தாய் வகுத்து, மூன்று மணிநேரம் இமையாது பொருது, விடைத்தாளை நூலால் இறுகக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியேற, வெற்றிமுரசு எந்நேரமும் முழங்கலாம் என்று எண்டிசையும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தன.

அக்கா இருபத்தொரு மார்க் வாங்கிப் பாஸானாள்.